மத்தியதரைக் கடல் மரணங்களும் எல்லைச் சட்டங்களும்

மத்தியதரைக் கடல் என்னும் பெயர் நிலங்களின் நடுவே அமைந்த கடல் என்று பொருள்படுவது. ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா என்னும் மூன்று கண்டங்களும் அதன் கரையிலே வந்து முடிகின்றன. பினீசியரும் கிரேக்கரும் உரோமரும் அராபியரும் அதனை ஓர் எல்லையாகக் கொள்ளாது வீதியாகவே கொண்டனர். வகுப்பறைச் சுவரிலே தொங்கும் தேசப்படத்தில் அதனைச் சுட்டிக்காட்டுந்தோறும் யானும் அவ்வாறே பல்லாண்டு கற்பித்து வந்துள்ளேன். வாணிகம் நடந்த வழி அது. எழுத்துப் பரவிய வழியும் சமயங்கள் பரவிய வழியும் அதுவே. அந்த நீர்ப்பரப்பிலே 2014ஆம் ஆண்டு தொடக்கம் 30,000க்கு மேற்பட்ட மாந்தர் இறந்தோ காணாமற் போயோ உள்ளனர் என்பதைத் தேசப்படம் காட்டுவதில்லை. குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்புத் திரட்டிய கணக்கு அது. கண்டு சொல்ல ஒருவருமின்றி மூழ்கிய வள்ளங்கள் எத்தனையோ அக்கணக்கில் ஏறவில்லை.

அக்கடல் எமக்குத் தொலைவிலுள்ளது. ஆயினும் எம்மவரும் அதன் அடியிலே கிடக்கின்றனர். 1996ஆம் ஆண்டு நத்தார் இரவில், சிசிலித் தீவின் தென்கோடியிலுள்ள போர்த்தோபாலோ என்னும் மீன்பிடிக் கிராமத்துக்கு அப்பால், ‘யோகான்’ என்ற கப்பலிலிருந்து சிறிய வள்ளமொன்றுக்கு ஆட்கள் இறக்கப்பட்டனர். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கப்பலும் வள்ளமும் மோதின, வள்ளம் மூழ்கிற்று. இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். தப்பியோர் கிரேக்க நாட்டிலே இறக்கிவிடப்பட்டு நடந்ததைக் கூறினர். அவர் கூற்றை நம்புவார் இலர். சடலம் எங்கே, உடைந்த பலகை எங்கே என்று வினவிய அதிகாரிகள், அப்படியொரு விபத்து நிகழவில்லையென்றே இருந்துவிட்டனர்.

சடலங்கள் கிடையாமற் போகவில்லை. போர்த்தோபாலோக் கடற்றொழிலாளரின் வலைகளிலே அவை மீனோடு மீனாக ஏறின. அவர்கள் அவற்றைத் திரும்பவும் கடலிலே இட்டனர். அறிவித்தால் விசாரணை வரும். விசாரணை முடியும்வரை வள்ளம் துறையிலே கட்டுண்டு கிடக்கும். அத்தனை நாளும் உலை ஏறாது. அக்கிராமத்தாரைப் பழித்தல் எளிது. பிரேதத்தைக் கரைசேர்ப்பவனைத் தண்டித்து, கடலிலே விடுபவனைத் தண்டியாது விட்ட ஒழுங்கைப் பழிப்பதே முறையென எமக்குத் தோன்றுகின்றது. ஐந்தாம் ஆண்டில், அதாவது 2001இல், அவர்களுள் ஒருவர் மௌனத்தைக் கலைத்தார். அவர் வலையிலே ஏறிய உடுப்பொன்றில் ஓர் அடையாள அட்டை இருந்தது. பதினேழு வயதுடைய இலங்கைத் தமிழ் இளைஞன் ஒருவனது அட்டை அது. அதனை அவர் பத்திரிகையாளர் ஒருவரிடம் ஒப்படைத்தார். ‘லா ரெப்புப்ளிக்கா’ என்னும் இத்தாலியப் பத்திரிகை நீரினடியிற் செல்லும் ஒளிப்படக் கருவியை இறக்கிற்று. நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் வள்ளம் காணப்பட்டது. இல்லாத விபத்து என்று கூறப்பட்டதற்கு, உறையிடப்பட்ட ஓர் அட்டை சாட்சியாயிற்று.

அந்த இளைஞன் ஏன் நாட்டை விட்டுச் சென்றான் என்று எம்மை எவரும் கேட்கவேண்டியதில்லை. 1996 எத்தகைய ஆண்டென்பதை வடபகுதியில் வாழ்ந்தோர் அறிவர். ஆனால் அவன் ஏன் மார்கழிக் கடலில் நள்ளிரவில் வள்ளம் மாறி ஏறினான் என்பது வேறொரு வினா. புறப்பட்டதற்குக் காரணம் வேறு. வள்ளம் ஏறியதற்குக் காரணம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதனாலேயே இப்பொருள் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் குழம்புகின்றன. போர், வறுமை, கொடுங்கோன்மை ஆகியன மனிதரை வீட்டினின்றும் எழுப்புகின்றன. அவரை விமானத்தில் ஏற்றுவதா வள்ளத்தில் ஏற்றுவதா என்பதை நிருணயிப்பவை அவையல்ல. அதனை நிருணயிப்பது சட்டம்.

துருக்கியின் போட்ரம் பட்டினத்துக்கு எதிரே கோஸ் என்னும் கிரேக்கத் தீவு உளது. இரு கரையும் மிக நெருங்குமிடத்தில் இடைவெளி நான்கு கிலோமீற்றர் அளவினதே. உல்லாசப் பயணி இருபது முப்பது யூரோ கொடுத்துப் பயணக் கப்பலில் ஏறி, வெயில் காய்ந்தபடி அக்கரை சேர்வான். 2015ஆம் ஆண்டில் அதே நீரைக் கடக்கச் சிரிய நாட்டுக் குடும்பங்கள் ஆளுக்கு ஏறத்தாழ ஆயிரம் யூரோ கொடுத்து, காற்றடைத்த இறப்பர்ப் படகில் இரவிலே ஏறின. பணமில்லாமையால் அவர்கள் படகேறினர் என்று கூறுதல் பொருந்தாது. கப்பற் கட்டணத்திலும் பன்மடங்கு கொடுத்தே அவர்கள் இறப்பைத் தேடிச் சென்றனர். ஒரு தாள் அவர்களிடம் இல்லை; வேற்றுமை அவ்வளவே.

அத்தாளின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். ஐரோப்பிய நாடுகள் தம்முள்ளே எல்லைச் சோதனையை நீக்கிக்கொள்வதற்கான ஷெங்கன் உடன்படிக்கை 1985இற் கைச்சாத்தாயிற்று. அது 1995 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. வீட்டினுள்ளே அறைகளுக்கிடையிலான கதவுகளைக் கழற்றிவிடுவோர் தெருக்கதவைப் பலமாகப் பூட்ட விழைவது இயல்பே. மொறோக்கோ நாட்டவர் ஸ்பெயினுக்கு விசா இன்றிச் சென்றுவந்த காலம் ஒன்றிருந்தது. பருவவேலைக்குச் செல்வர்; வேலை முடியத் திரும்புவர். 1991 மே மாதத்தில் அவர்க்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. தூனிசியருக்கு இத்தாலி அதற்கு முந்திய ஆண்டிலேயே அவ்வாறு செய்தது. அதன்பின்னர் ஜிப்ரோல்றர் நீரிணையைச் சிற்றோடங்களிற் கடப்போர் தொகை பெருகியது. இங்கே ஒரு விளைவு நோக்கற்பாலது. முன்னர் வேலை முடிந்து திரும்பியவன், மீண்டும் வருதல் அரிது என்றறிந்தபின் திரும்பாது அங்கேயே தங்கினான். வருவோரைக் குறைக்க இட்ட பூட்டு வந்தவரை உள்ளேயும் பூட்டிற்று.

விசா ஒன்றே தடையாயின், விமானமேறிச் சென்று அங்கே இறங்கியபின் தஞ்சம் கேட்கலாமன்றோ என வினவுவார் உளர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் அதற்கு இடந்தருகின்றது. தஞ்சம் கோரி வந்தவன், உரிய தாள் இன்றி நுழைந்தான் என்னும் ஒரே காரணத்துக்காகத் தண்டிக்கப்படலாகாது என்பது அதன் கருத்து. ஆயின் விமானத்தில் ஏறினாலன்றோ இறங்கலாம்! 2001 யூன் 28ஆம் தேதிய ஐரோப்பியப் பணிப்புரையொன்று, தகுந்த ஆவணமில்லாத பிரயாணியைக் கொண்டுவரும் கம்பனி ஆளொருவருக்கு 3,000 யூரோவுக்குக் குறையாத தண்டம் இறுக்க வேண்டும் என விதித்தது. திருப்பியனுப்பும் செலவும் கம்பனியையே சாரும். அகதிகளுக்குச் சமவாயம் அளித்த உரிமைக்கு இதனாற் குறைவில்லை என்றும் அப்பணிப்புரையிலே எழுதப்பட்டுளது. எழுதியவர் அதனை நம்பினரோ அறியோம். விமான நிலையத்துப் பயணச்சீட்டு மேசையில் நிற்கும் எழுதுவினைஞர், தம் முன் நிற்பவன் அகதியா அல்லனா என்பதை இரண்டு நிமிடத்தில் எவ்வாறு தீர்மானிப்பார்? அவர் தீர்மானிக்கப் புகுவதில்லை. கடவுச்சீட்டைப் புரட்டுவார், விசா இல்லை, அடுத்த ஆளை அழைப்பார். ஐரோப்பாவின் எல்லை இவ்வாறு டமஸ்கஸ், அடிஸ் அபாபா, துனீஸ் ஆகிய நகரங்களின் விமான நிலையங்களுக்கு நகர்ந்தது. அங்கே காவலாளி சீருடை அணிந்த அரச சேவகனல்லன். தண்டத்துக்கு அஞ்சும் கம்பனி ஊழியன்.

தூதரகத்திலே சென்று விசா கேட்டலும் கைகூடவில்லை. அலெப்போ நகரத்துச் சிரியக் குடும்பமொன்று பெய்ரூத்திலுள்ள பெல்ஜியத் தூதரகத்துக்குச் சென்று, பெல்ஜியத்தை அடைந்து தஞ்சம் கோருவதற்கென்றே விசா தருமாறு கேட்டது. ஒளிவுமறைவற்ற விண்ணப்பம், கடத்தற்காரனுக்குக் காசு கொடாத விண்ணப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 மார்ச் 7ஆம் தேதி அளித்த தீர்ப்பு, அத்தகைய விசாவை வழங்கும்படி ஒன்றியத்தின் சட்டம் எந்நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதாம். ஆகவே நிலைமை இதுவாயிற்று: தஞ்சம் கேட்க அம்மண்ணில் நிற்றல் வேண்டும்; அம்மண்ணில் நிற்க விசா வேண்டும்; தஞ்சம் கேட்பவனுக்கு விசா இல்லை. எஞ்சியது கடல்.

இனிக் கடலிலே இறங்கியபின் நிகழ்வதை ஆராய்வாம். கடலோடிகளின் அறம் மிகப் பழையது. அதனைச் சட்டமாக்கியோரும் குறைவற்ற சொற்களிலேயே ஆக்கினர். 1910ஆம் ஆண்டுப் பிரசெல்ஸ் சமவாயம், கடலில் மாளும் நிலையிற் காணப்படுபவன் பகைவனாயினும், தன் கப்பலுக்குப் பேரிடர் இல்லாதவிடத்து அவனுக்கு உதவ மீகாமன் கடமைப்பட்டவன் என்றது. 1912இல் ‘டைட்டானிக்’ மூழ்கியதன் விளைவாக 1914இல் இலண்டனிற் கூடிய மகாநாடு கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது சமவாயத்தைத் தந்தது. 1982ஆம் ஆண்டுக் கடற்சட்டச் சமவாயத்தின் 98ஆம் உறுப்புரையும் இதையே வற்புறுத்தும். 1979இல் ஹாம்பேர்க்கில் இயற்றப்பட்ட சமவாயம் உலகக் கடல் முழுவதையும் தேடல் மீட்பு வலயங்களாக வகுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாட்டின் பொறுப்பிலே விட வழிசெய்தது. இவற்றுள் எவ்விடத்தும், காப்பாற்றப்படுபவனிடம் விசா உண்டாவென்று கேட்குமாறு கூறப்படவில்லை.

குறை வேறோரிடத்தில் உளது. ஒருவனை நீரிலிருந்து தூக்கவேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கின்றது. தூக்கியவனை எந்தத் துறைமுகத்தில் இறக்குவது என்பதை அத்துணைத் தெளிவாகச் சொல்லவில்லை. மீட்பு வலயத்துக்குப் பொறுப்பான நாடு பாதுகாப்பான இடமொன்று கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும் என 2004இல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. மோல்ற்றா அதனை ஏற்க மறுத்தது. மறுத்தமைக்கு ஒரு நியாயமும் இல்லாமலில்லை. 316 சதுர கிலோமீற்றர் பரப்பே உடைய அச்சிறு நாட்டின் மீட்பு வலயம் ஏறத்தாழ 250,000 சதுர கிலோமீற்றர். இத்தாலிக்குரிய லம்பெடூசாத் தீவுகூட அவ்வலயத்தினுள்ளேதான் அடங்கும். இதனோடு டப்ளின் ஒழுங்குவிதியும் சேர்ந்துகொண்டது. அகதி முதலில் அடிவைத்த நாடே பெரும்பாலும் அவன் விண்ணப்பத்தை விசாரித்து அவனைப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவ்விதி. அதன்படி ஓர் உயிரைத் தூக்கிக் கரைசேர்க்கும் நாடு பல்லாண்டுச் சுமையையும் உடன் தூக்குகின்றது. மத்திய ஐரோப்பாவின் செல்வ நாடுகளுக்குக் கடற்கரை அங்கே இல்லை. ஆதலின் அவை தூக்கவேண்டியதும் இல்லை. கருணைக்கு வரிவிதித்துவிட்டு, கருணை ஏன் குறைகின்றது என்று வியப்பது போலும் இவ்வேற்பாடு.

2013 ஒக்டோபர் மாதம் இரண்டையும் காட்டிற்று. அம்மாதம் 3ஆம் தேதி விடியுமுன், லிபியாவின் மிஸ்ராத்தாவிலிருந்து வந்த வள்ளமொன்று லம்பெடூசாக் கரைக்கு ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் இயந்திரம் நின்று மிதந்தது. கரையிலுள்ளோர் காணும்படி ஒருவன் போர்வையிலே தீ மூட்டினான். தீ பரவிற்று, அஞ்சிய மக்கள் ஒருபுறம் ஒதுங்க வள்ளம் கவிழ்ந்தது. 360க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருட் பெரும்பாலார் எரித்திரிய நாட்டவர். ஐரோப்பா துக்கங் கொண்டாடிற்று. சவப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்ட விமானக் கொட்டகைக்குத் தலைவர்கள் வந்து வணங்கினர்.

எட்டு நாள் கழிந்தது. 11ஆம் தேதி, சிரிய நாட்டுக் குடும்பங்களை ஏற்றிய மற்றொரு வள்ளத்தில் நீர் புகுந்தது. அதிலிருந்த மருத்துவர் ஒருவர் செய்மதித் தொலைபேசி வழியாக உரோமாபுரியிலுள்ள மீட்பு நிலையத்தை அழைத்தார். மீண்டும் அழைத்தார். அவ்விடம் மோல்ற்றாவின் வலயம். மோல்ற்றாவை அழையுங்கள் என்ற விடை கிடைத்தது. மோல்ற்றாவை அழைத்தார். வள்ளமோ மோல்ற்றாவிலும் லம்பெடூசாவுக்கே அண்மையில் நின்றது. இத்தாலியக் கடற்படையின் ‘லிப்ரா’ என்னும் கப்பல் ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் இருந்தது. அதனை அனுப்பும் கட்டளை மாலைவரை பிறக்கவில்லை. மாலை ஐந்து மணியளவில் வள்ளம் கவிழ்ந்தது. 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் 60 பேர் சிறுவர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2021 சனவரியில், அவ்வலயம் இத்தாலியினது அன்றாயினும் அம்மக்களின் உயிருரிமையைக் காக்க இத்தாலி தவறியது என முடிவு செய்தது. 2022 டிசெம்பரில் உரோமாபுரி நீதிமன்றம், அதிகாரிகள் இருவர் கடமையிற் பிழைத்தனர் எனக் கண்டது. ஆனால் வழக்குக்குரிய காலம் கடந்துவிட்டமையால் தண்டனை இல்லை. அன்று கடல் கொந்தளிக்கவுமில்லை. செய்தி கிடையாமற் போகவுமில்லை. நிலைமை இன்னதென்று இரு நாடுகளும் பிற்பகல் முழுவதும் அறிந்தேயிருந்தன.

இவ்விரு விபத்துக்களின்பின் இத்தாலி செய்ததை அதன் பெருமைக்குரியதாகவே கூறல் வேண்டும். 2013 ஒக்டோபர் 18ஆம் தேதி அது ‘மாரே நொஸ்த்ரும்’ என்னும் நடவடிக்கையைத் தொடங்கிற்று. எமது கடல் என்பது அவ்விலத்தீன் தொடரின் பொருள். உரோமப் பேரரசு வெற்றிச் செருக்கிலே வழங்கிய பெயர். கடற்படைக் கப்பல்கள் லிபியாக் கரைக்கு அணித்தாகச் சென்று ஆட்களை ஏற்றி வந்தன. ஓராண்டில் 100,000க்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மாதச் செலவு ஏறத்தாழ 90 இலட்சம் யூரோ. இத்தாலி ஏனைய நாடுகளிடம் பங்கு கேட்டது, கிடைக்கவில்லை. மீட்பு நடப்பதனாலேயே மக்கள் துணிந்து வருகின்றனர், மீட்பை நிறுத்தினால் வருகையும் நிற்கும் என்னும் வாதம் அப்போது வலுப்பெற்றிருந்தது. பிரித்தானிய அரசாங்கம் அக்காரணங் கூறி இத்தகைய மீட்புக்கு ஆதரவளிக்க 2014 ஒக்டோபரில் வெளிப்படையாகவே மறுத்தது. அம்மாத இறுதியோடு மாரே நொஸ்த்ரும் நிறுத்தப்பட்டது. அதனிடத்தில் வந்த ‘திறைற்றன்’ என்னும் ஐரோப்பிய நடவடிக்கையின் மாதச் செலவு 30 இலட்சம் யூரோவுக்கும் குறைவு. அதன் கப்பல்கள் தொடக்கத்தில் இத்தாலியக் கரையிலிருந்து 30 கடல் மைல் எல்லைக்குள்ளேயே சுற்றின.

வாதம் பிழையென்பதை நான்கு மாதங்கள் காட்டின. 2015இன் முதல் நான்கு மாதத்தில் வருவோர் தொகை குன்றவில்லை. இறந்தோர் தொகையோ 1,700ஐக் கடந்தது. முந்திய ஆண்டின் அதே மாதங்களில் அது நூறுக்கும் குறைவு. புறப்படுவோன் தன் பின்னே உள்ளதைக் கண்டு புறப்படுகின்றான். முன்னே எத்தனை மீட்புக் கப்பல் நிற்கின்றது என்று எண்ணிப் பார்த்துப் புறப்படுவானல்லன். மீட்புக் கப்பல்கள் விலகியபின் அப்பணி அவ்வழியே சென்ற வணிகக் கப்பல்களின் தலையில் விழுந்தது. எண்ணெயும் பெட்டகமும் ஏற்றும் பெருங்கப்பல், நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நிற்கும் மரவள்ளத்தை இரவிலே அணுகுதற்கு ஏற்றதன்று. அதன் மாலுமிகளும் அதற்குப் பயின்றோரல்லர். ஏப்பிரல் 18ஆம் தேதி இரவு, உரோமாபுரியின் கட்டளைப்படி உதவச் சென்ற ‘கிங் ஜேக்கப்’ என்னும் வணிகக் கப்பலோடு அத்தகைய வள்ளமொன்று மோதிக் கவிழ்ந்தது. உயிர் தப்பியோர் 28 பேர். இறந்தோர் 700க்கு மேல் என்பதன்றி முடிந்த கணக்கு இல்லை. அதற்குப் பதினொரு நாளின் பின், ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவர் யுங்கர், மாரே நொஸ்த்ரும் நடவடிக்கையை நிறுத்தியது பெருந்தவறு என ஐரோப்பியப் பாராளுமன்றத்திலே ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டபின் கொள்கை மாறியதோ எனின், மாறிற்று, வேறு திசையில். கடத்தற்காரரின் மரவள்ளங்களைப் பிடித்து அழிப்பதென முடிவாயிற்று. கடத்தற்காரர் நல்லவரல்லர். பணம் பெற்று மனிதரைச் சாவுக்கு அனுப்பும் அவர்க்காக இரங்குவார் இலர். ஆயினும் மரவள்ளம் அழிக்கப்படும் என்றறிந்த வணிகன் மரவள்ளத்தை அனுப்பான். மலிவான இறப்பர்ப் படகை, ஒரு தடவைக்கென்றே, போதிய எரிபொருளின்றி அனுப்பினான். கொன்றது இன்னும் எளிதாயிற்று. 2016ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலில் இறந்தோர் 5,000க்கு மேல். பதிவான ஆண்டுகளுள் அதுவே மிகக் கொடியது.

அடுத்த மாற்றம் காவலைப் பிறர் கையிற் கொடுத்தல். இது குறித்து ஒரு முன்வரலாறு உண்டு. 2009 மே 6ஆம் தேதி, லம்பெடூசாவுக்குத் தெற்கே இத்தாலியக் கப்பல்கள் ஏறத்தாழ 200 பேரை ஏற்றி, அவர்களை விசாரியாமலே திரிப்பொலியிற் கொண்டுபோய் விட்டன. அவருள் 24 பேர் வழக்கிட, ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2012 பெப்ரவரியில் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நடுக்கடலாயினும் இத்தாலியக் கொடி பறக்கும் தளத்தில் நிற்பவன் இத்தாலியின் அதிகாரத்துக்கு உட்பட்டவனே என்பது அதன் சாரம். சிறந்த தீர்ப்பு. ஆயின் கொடியில்லாவிடிற் பொறுப்பில்லை என்றும் ஒருவர் அதனை வாசிக்கலாமன்றோ! 2017 பெப்ரவரி 2ஆம் தேதி இத்தாலி லிபியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. கப்பலும் பயிற்சியும் பணமும் ஐரோப்பாவினுடையவை. பிடிப்பவர் லிபியக் காவலர். 2021இல் மட்டும் 32,000க்கு மேற்பட்டோர் கடலிற் பிடிக்கப்பட்டு லிபியாவுக்குத் திருப்பப்பட்டனர். அங்கே தடுப்பு முகாம்களில் நிகழும் சித்திரவதை, கப்பம், அடிமைவேலை ஆகியவற்றை ஐக்கிய நாடுகளின் அறிக்கைகள் விரித்துரைக்கும். யாம் ஈண்டு விரியாது விடுகின்றோம்.

ஓர் அரசுக்குத் தன் எல்லையைக் காக்கும் உரிமை இல்லையோ எனின், உண்டு. யாரை வரவேற்பது, எத்தனை பேரை ஏற்பது என்பன குடிமக்கள் தீர்மானிக்க வேண்டியவை. 2015இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல்வழியே ஐரோப்பாவை அடைந்தனர். அது சிறு தொகையன்று. அவருள் எல்லாரும் அகதிகளும் அல்லர். விசாரித்து, உரிமையற்றவனைத் திருப்பியனுப்பும் அரசோடு எமக்கு வழக்கில்லை. ஆனால் விசாரணை கரையிலே நடைபெறுவது; மூழ்குபவனை விசாரித்தல் இயலாது. இவ்வேறுபாட்டை மறந்த கொள்கை, தேர்வு செய்யும் வேலையைக் கடலிடம் விட்டுவிட்டது. கடல் அகதியையும் அகதியல்லாதவனையும் பிரித்தறியாது. நீந்தத் தெரிந்தவனையும் மேற்றட்டில் இடம்பெற்றவனையுமே அது கரையேற்றும். 2023 யூன் 14ஆம் தேதி கிரேக்க நாட்டின் பிலோஸ் பட்டினத்துக்கு அப்பால் மூழ்கிய வள்ளத்தில் 700க்கு மேற்பட்டோர் இருந்தனர் என மதிக்கப்படுகின்றது. பல மணிநேரம் கரையோரக் காவற்படை அறிந்திருந்த வள்ளம் அது. தப்பிய 104 பேருள் ஒரு பெண்ணும் இலள். பெண்களும் குழந்தைகளும் அடித்தட்டில் இருந்தனர்.

காப்பாற்றுவோரின் நிலையையும் ஒரு சொல்லிற் கூறிச் செல்வாம். 2007 ஓகஸ்ட் மாதத்தில் தூனிசியக் கடற்றொழிலாளர் எழுவர், மூழ்கவிருந்த 44 பேரைத் தம் வள்ளங்களில் ஏற்றி லம்பெடூசாவில் இறக்கினர். அவர்கள் கைதாயினர், வள்ளங்கள் பறிமுதலாயின. இரு தலைவர்க்கு 2009இற் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் 2011இலேயே விடுதலை. நான்காண்டாகத் தொழில் இழந்த அவர்களைக் கண்ட வேறொரு கடற்றொழிலாளி, அடுத்த முறை கையசைக்கும் வள்ளத்தைக் காணும்போது எத்திசையிற் சுக்கானைத் திருப்புவான்? போர்த்தோபாலோவின் வலைகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இறந்தவர்க்குப் பெயர் இல்லாமை இத்துயரின் கடைசிப் பகுதி. சிசிலியின் பல ஊர் இடுகாடுகளில் எண் மட்டும் பொறித்த புதைகுழிகள் உள. பெயரில்லாவிடில் மரண அத்தாட்சிப் பத்திரம் இல்லை. அப்பத்திரமின்றேல் மனைவி விதவையா அல்லளா என்பது தெளிவதில்லை, காணி பெயர்மாறாது, தந்தையற்ற பிள்ளையை மாமன் தன்னோடு வேறு நாட்டுக்கு அழைத்துச் செல்லவும் இயலாது. எம் சமயத்தாருக்கு மற்றொரு துன்பமும் உண்டு. இறந்த நாள் தெரியாதவனுக்குத் திதி எது? அந்தியேட்டி செய்தல், அவன் இனி வாரான் என்று வீட்டார் தாமே தீர்ப்பெழுதுவதாகும். அத்தீர்ப்பை எழுதக் கை எழாத தாய்மார் எம்மூர்களில் இன்னும் இருக்கின்றனர்.

போர்த்தோபாலோவின் வள்ளம் இன்றும் கடலடியிலேயே கிடக்கின்றது. ஆனால் 2015 ஏப்பிரலில் மூழ்கிய வள்ளத்தை இத்தாலி அவ்வாறு விடவில்லை. 2016 யூன் இறுதியில் கடற்படை அதனை ஏறத்தாழ 370 மீற்றர் ஆழத்திலிருந்து தூக்கி, சிசிலியின் ஒகுஸ்தாத் துறைமுகத்துக்குக் கொணர்ந்தது. தீயணைப்புப் படையினர் உள்ளே இறங்கி நூற்றுக்கணக்கான உடல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தனர். சட்டமருத்துவப் பேராசிரியர் கிறிஸ்தீனா கத்தானேயோ தலைமையில், பல பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தோர் அவற்றைச் சோதித்தனர். பல், எலும்பு, உடுப்பு, சட்டைப்பையிலுள்ள பொருள் எல்லாவற்றையும் குறித்தனர். சிலர் தம் ஊர் மண்ணைச் சிறு பொதியாக முடிந்து வைத்திருந்தனர். அப்பேராசிரியை 2018இல் வெளியிட்ட நூலில் இவற்றைக் கூறியுள்ளார். ஆபிரிக்காவின் மாலி நாட்டுச் சிறுவன் ஒருவனது உடலும் அவற்றுள் இருந்தது. வயது பதினான்களவில் இருக்கலாம் என எலும்பு கொண்டு மதித்தனர். அவன் மேற்சட்டையின் உட்புறத்தில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட, தையலைப் பிரித்தனர். உள்ளே கவனமாக மடித்துத் தைக்கப்பட்டிருந்த தாள், பாடசாலையில் வழங்கிய தேர்ச்சி அறிக்கை. ஒவ்வொரு தவணை முடிவிலும் நான் கையொப்பமிட்டுக் கொடுப்பது போன்ற தாள். விசாவுக்குப் பதிலாக அவன் காட்டவென வைத்திருந்தது அதுவாகலாம். மை ஊறிக் கலைந்திருந்தது. கணிதம், பௌதிகம் என்னும் பாடப் பெயர்கள் மட்டும் வாசிக்கத்தக்கனவாய் இருந்தன.